மேலாக மொள்ளும் தண்ணீர்

பிப்ரவரி 3, செவ்வாய்

பள்ளிக்கூடம் விட்டு வந்தால் கிணற்றடியில் மரப்பெட்டி. உள்ளே புது மோட்டார். என் வீட்டுக்காரருடைய அண்ணன் பக்கத்தில் கட்டியிருக்கும் விருந்தினர் விடுதிக்காம். நான்கு அறை, நான்கிலும் ஷவர்.

"மாமா, இந்தக் கிணத்துல மோட்டார் போடக் கூடாது" என்றேன் அந்த அண்ணனிடம்.

"டீச்சரம்மா, பாடத்தை ஸ்கூல்ல நடத்துங்க. எங்க கொள்ளுத் தாத்தா தோண்டின கிணறு, எங்களுக்குத் தெரியாதா?"

என் வீட்டுக்காரர் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். காலில்தான் இருந்தது.

பிப்ரவரி 5

தெரியும். அதுதான் எரிச்சல்.

இந்தத் தீவு பவளத் துகளும் மணலும்தான். ஆறும் இல்லை, ஏரியும் இல்லை. பெய்த மழை மணலுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் கடல்நீரின் மேல் பாலேடு மாதிரி மிதக்கிறது. ஏட்டை மட்டும் எடுக்க வேண்டும். அதனால்தான் யாரும் கிணற்றில் வாளி விடுவதில்லை. நீளக் கம்பில் கட்டிய கொட்டாங்கச்சியால் மேலாக மொள்கிறோம். கல்யாணமாகி வந்த புதிதில் வாளியை விட்டுக் கலக்கி, மாமியாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். இன்று அதையே நான் சொன்னால் திமிர்.

பிப்ரவரி 20

மோட்டார் ஓடுகிறது. நாளெல்லாம் ஓடுகிறது.

மார்ச் 3

விடுதிக்குப் பெயர்ப்பலகை மாட்டியாயிற்று: 'முதல் குடிகள் இல்லம்'. ஓரகத்தியிடம் இன்னொரு முறை சொல்லிப் பார்த்தேன்.

"வந்தவளுக்கு என்னம்மா தெரியும்? இது எங்க மண்ணு."

வந்தவள்! இங்கே வராதவர் யார்? தென்னை வைக்கக் கம்பெனிக்காரன் கப்பலில் கொண்டுவந்து இறக்கிய கூலிகள்தானே இவர்கள் கொள்ளுத் தாத்தாக்கள். அதே கப்பலில் எலியும் இறங்கியது. இவர்கள் காட்டை வெட்டினார்கள், எலி முட்டைகளைத் தின்றது, பறவைகள் போயின. இங்கேயே பிறந்தது மணல் ஒன்றுதான். அதுவும் கடல் போட்ட பிச்சை.

இதையெல்லாம் இங்கே எழுதத்தான் எனக்கு வாய். அங்கே, "சரிக்கா" என்று வந்துவிட்டேன்.

ஏப்ரல் 2

மழை இல்லை.

ஏப்ரல் 11

காலையில் என் வீட்டுக்காரர் காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு, "சர்க்கரைக்குப் பதிலா உப்பப் போட்டுட்டியா?" என்றார். கிணற்றுத் தண்ணீரை டம்ளரில் ஊற்றிக் கொடுத்தேன். குடித்தார். கீழே வைத்தார்.

ஏப்ரல் 19

விருந்தினர் பாதியிலேயே கிளம்பிவிட்டார்கள். சோப்பு நுரைக்கவில்லையாம். கொல்லையில் ஈரப்பலா மரத்தின் இலைகள் ஓரம் கருகுகின்றன.

"நீ வாய வச்சே, வெளங்கிருச்சு" என்றார் அண்ணன்காரர். கரிநாக்காம் எனக்கு. நானா உறிஞ்சினேன்? கடலைக் கையப் புடிச்சு நானா கூட்டிட்டு வந்தேன்? இவரும் அங்கேதான் நின்றார், தூண் மாதிரி. அப்புறம் அறைக்குள் வந்து, "அண்ணன்கிட்ட போய் என்னன்னு சொல்றது?" என்கிறார். கல்யாணமான நாளிலிருந்து இதே பாட்டு — நான் யாருகிட்டய்யா போய்ச் சொல்றது?

மாற்றலுக்கு எழுதிப் போட்டுவிட்டேன்.

மே 28

கிடைத்துவிட்டது. மகள் என்னோடு, அவர் வரவில்லை. துறையில் படகிலிருந்து தண்ணீர் கேன்கள் இறங்கும்வரை காத்திருந்து ஏறினோம்.

"தண்ணி இனிச்சதும் கூப்பிடறேன்" என்றார்.

அதற்கு எத்தனை மழைக்காலம் வேண்டும் என்று ஏழாம் வகுப்புக்கு ஆண்டுதோறும் சொல்கிறவள் நான். "சரி" என்றேன்.

ஜூலை 14

நகரம். மூன்றாம் மாடி. இன்று போனில் கூப்பிட்டார்.

"இங்க நல்ல மழை."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். "தண்ணி?"

"அண்ணன் கிணத்த இன்னும் ஆழமா வெட்றாரு. அடியில நல்ல தண்ணி இருக்குமாம்."

வைத்துவிட்டேன்.

சமையலறையில் மகள் குவளையை வாளியின் அடிவரை முக்கி மொண்டாள்.

"மேலா மொள்ளுடி!" — கத்தியே விட்டேன்.

அவள் குவளையோடு திரும்பினாள். "அம்மா, இது குழாத் தண்ணிம்மா."