மித்ரா அறிவித்த கல்யாணம்

ஒக்டோபர் 7, செவ்வாய்

காலையில் வேகிற வெயில். மூன்று மணிக்கு மேல் இடி, மழை. பல்கனியில் காய்ந்த துணி மறுபடி ஈரம்.

வீட்டிலிருந்து வேலை. நேற்று பௌர்ணமிப் போயா விடுமுறை என்பதால் இன்று கணினியைத் திறந்ததும் முறைப்பாடுகள் குவிந்திருந்தன. மித்ரா பதில் சொல்கிறதாம், ஆனால் ஒன்றும் நடப்பதில்லையாம். லீவ் கேட்டவர்களுக்கு லீவ் வரவில்லை. சம்பளச் சிட்டை கேட்டவர்களுக்குச் சிட்டை வரவில்லை.

மித்ரா என்பது மனிதவளப் பிரிவு ஷெரீன் எங்கள் ஒபிஸ் சாட்பொட்டுக்கு வைத்த பெயர். தமிழுக்கும் சிங்களத்துக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று. போன வருடம் அதை ஒபிஸ் மெசேஜ் செயலிக்குள் கொண்டுவந்தோம். அதன் பிறகு யாரும் யாரிடமும் போய் நின்று லீவ் கேட்பதில்லை. மித்ராவுக்கு எழுதினால் போதும். அது கிளவுடில் உள்ள பதிவுக்கு அனுப்பும், மனேஜர் சரி என்றால் வந்து சொல்லும்.

நாள் முழுக்க ஒரே எரர். 'அனுமதி இல்லை.' வரிக்கு வரி அதுதான். செயலிக் கம்பனிக்கு எழுதினேன்: கிளவுட் பக்கத்தைக் கேளுங்கள். கிளவுட் பக்கத்துக்கு எழுதினேன்: செயலிக் கம்பனியைக் கேளுங்கள்.

வாங்க: பருப்பு, குளியலறை பல்ப், தலையிடிக் குளிசை.

இன்று வாய் திறந்து பேசியது மரக்கறிக்காரரிடம் மட்டும். "கால் கிலோ காணும்." வேறு ஒன்றுமில்லை.

ஒக்டோபர் 8, புதன்

மேகமூட்டம். கடல் காற்றில் ஜன்னல் கண்ணாடி முழுக்க உப்பு.

பரிசோதனை நாள். லீவ் காரணங்கள் ஒவ்வொன்றாக என் பெயரிலேயே போட்டுப் பார்த்தேன். சுகவீனம்: காய்ச்சல் என்று எழுதினேன். உறவினர் மரணம்: எப்போதோ செத்துப்போன பெரியப்பாவை மறுபடி சாகடித்தேன். அடுத்தது 'சொந்தத் திருமணம்'. திகதி கேட்டது. 24 என்று போட்டேன், வெள்ளிக்கிழமை. ஒவ்வொன்றுக்கும் மித்ரா உடனே, "கிடைத்தது. அனுப்பிவிட்டேன்." எங்கும் போகவில்லை. எல்லாம் கிளவுடில் ஒரு வரிசையில் நிற்கின்றன, கதவு திறக்கும் என்று.

பின்னேரம் காரணம் பிடிபட்டது. பிரதீபன்.

ஆறு வருடம் பக்கத்து மேசை. பகல் சாப்பாடு சேர்ந்துதான். ஓகஸ்டில் கனடா போனான். மித்ராவைக் கிளவுடோடு இணைத்தவன் அவன், அதற்குக் கடவுச்சொல் போன்ற இணைப்புச் சாவியையும் தன் பெயரிலேயே எடுத்திருக்கிறான். விலகியவர்களின் கணக்கை மூடுவது என் வேலை. போன வெள்ளி மாலை அவனுடையதை மூடினேன். அதோடு சாவியும் செத்தது.

அவனுக்கு எழுதினேன். ஒரு சிரிக்கும் முகம் மட்டும் வந்தது.

ஒக்டோபர் 9, வியாழன்

புதுச் சாவி, இந்த முறை எவருடைய பெயரிலும் இல்லை, ஒபிஸ் பெயரில். அனுமதிகள் ஒவ்வொன்றாக. பதினொரு மணிபோல 'இணைந்தது' என்று பச்சை எழுத்து. தேத்தண்ணி வைக்கக் குசினிக்குப் போனேன்.

திரும்பி வரும்போது போன் மேசையில் நடுங்கிக்கொண்டிருந்தது. வரிசையில் நின்றதெல்லாம் ஒரேயடியாகப் போயிருக்கிறது. என் பரிசோதனைகளை அழிக்க மறந்துவிட்டேன். காய்ச்சலும் பெரியப்பாவும் மனேஜருக்கு மட்டும் போயின. திருமணம் அப்படியில்லை. பிறந்தநாள், திருமணம், குழந்தை, இந்த மூன்றையும் பொதுப் பக்கத்தில் போட்டு வாழ்த்தும்படி மித்ராவைப் பழக்கியிருக்கிறோம்.

மூன்று மொழியிலும், பூக்கள் சுற்றி: "எமது வாசுகிக்கு இனிய திருமண வாழ்த்துகள்! ஒக்டோபர் 24."

அதற்குக் கீழே இதயங்கள், கைகூப்பல்கள். என்னோடு ஒருநாளும் கதைக்காத கணக்குப் பிரிவு ஆட்கள். ஷெரீனின் குரல் செய்தி: "கள்ளி, இவ்வளவு நாளா ஒளிச்சி வெச்சிருந்தீங்களா? எங்களுக்கு ஒரு சொல்லு சொல்லல்லயே."

'இது பரிசோதனை' என்று எழுதினேன். அனுப்பவில்லை. மித்ராவின் அறிவித்தலையே அழிக்கலாம், எனக்கு அந்த அதிகாரம் இருக்கிறது. அதையும் செய்யவில்லை. ஒவ்வொரு வாழ்த்தாக வாசித்தேன். எல்லாவற்றிலும் என் பெயர்.

தேத்தண்ணி ஆறிப்போயிற்று.

ஒக்டோபர் 10, வெள்ளி

ஒபிஸ் நாள். பஸ்ஸில் வசனம் பாடமாக்கிக்கொண்டு போனேன். 'ஒரு சின்னப் பிழை நடந்துபோச்சு.' கொம்பனித்தெருவில் இறங்குமட்டும் அதேதான்.

வாசலில் செக்கியூரிட்டி எழுந்து நின்று சிங்களத்தில் வாழ்த்தினார், "சுப பதும் மிஸ்." லிஃப்டில் இருவர் கைகொடுத்தார்கள். மேசையில் பலூன், கேக். கேக்கில் என் பெயர், பக்கத்தில் ஒரு வெற்றிடம். மாப்பிள்ளை பெயர் தெரியாததால் விட்டார்களாம்.

"ஆரு மாப்புள?" ஷெரீன்.

"பிறகு சொல்லுறன்."

இந்த இரண்டு சொல்லை எழுதவே கை கூசுகிறது. அதுவரை நடந்தது மித்ராவின் பிழை. இது என்னுடையது.

பகல் எல்லாரும் ஒரே மேசையில் இருந்து சாப்பிட்டோம். பிரதீபன் போனபின் நான் கணினிக்கு முன்னால்தான் சாப்பிடுவது. ஒருத்தி தன் கல்யாணத்தன்று மின்சாரம் போன கதை சொன்னாள். இன்னொருத்தி மாமியாரின் சமையல் பற்றி. என் பக்கம் திரும்பித் திரும்பிச் சொன்னார்கள், நானும் இனி அந்தக் கூட்டத்தில் ஒருத்தி என்பதுபோல. நன்றாகச் சிரித்தேன். கேக் இரண்டு துண்டு.

வெள்ளவத்தையில் இறங்கி வீட்டுக்கு நடக்கும்போது மழை. குடை பையிலேயே இருந்தது. விரிக்க மனம் வரவில்லை.

ஒக்டோபர் 11, சனி

நாற்பத்துமூன்று வயதில் கேக்குக்காகப் பொய். ச்சீ.

வேலையில் மனதைப் போடலாம் என்று, வரிசையில் சிக்கியவை எல்லாம் போய்ச் சேர்ந்தனவா என்று பார்க்க உட்கார்ந்தேன். பெரும்பாலும் சம்பளச் சிட்டை. லீவ் சில.

மரியதாஸ், கொட்டாஞ்சேனையில் உள்ள எங்கள் ஸ்டோர்ஸ். 8ஆம் திகதிக்கு அரைநாள். காரணம்: மறைந்த மனைவிக்குத் தேவாலயத்தில் ஆண்டுப் பூசை. போன சனி ஒருதரம் கேட்டிருக்கிறார், செவ்வாய் ஒருதரம், புதன் காலை மறுபடி. ஒவ்வொரு முறையும் மித்ரா, "கிடைத்தது. அனுப்பிவிட்டேன்." கடைசி முறை அவர், "பதில் இன்னும் வரவில்லை. தயவுசெய்து" என்று எழுதியிருக்கிறார். அதற்கும் அதே பதில்.

அவருடைய அந்த மூன்றாவது விண்ணப்பம் என் 'சொந்தத் திருமண'த்துக்கு அடுத்த வரி. என் கல்யாணத்துக்குப் பின்னால் அவருடைய மனைவி நின்றிருக்கிறா.

வரவுப் பதிவைப் பார்த்தேன். 8ஆம் திகதி முழுநாளும் வேலையில். லீவுக்கு அனுமதி வந்தது 9ஆம் திகதி.

அவரை ஒரு தரம் மட்டும் பார்த்திருக்கிறேன். மெலிந்த மனிதர், வெள்ளைச் சேர்ட். பிரின்டர் திருத்தப் போனபோது கதிரை இழுத்துப் போட்டவர்.

சமைக்கவில்லை. பாண், சம்பல்.

ஒக்டோபர் 13, திங்கள்

போனில் சொல்லக்கூடிய விஷயமில்லை. புறக்கோட்டைக்கு பஸ், அங்கிருந்து நடை. லொறிகளுக்கும் மூட்டை சுமக்கும் நாட்டாமைகளுக்கும் நடுவே கொட்டாஞ்சேனை போய்ச் சேரும்போது சேலைக் கரையெல்லாம் சேறு.

மரியதாஸ் பெட்டிகளுக்கு லேபல் ஒட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்தார். "வாங்கோ மிஸ். கல்யாணமாம். சந்தோசம்."

நான் நேரே லீவ் விஷயத்துக்குப் போனேன். சாவி, கணக்கு, வரிசை எல்லாம் சொன்னேன். குறுக்கிடாமல் கேட்டார்.

"அனுப்பிட்டன் எண்டு அது சொன்னது மிஸ். பதில் வரேல்ல எண்டா மேல இருக்கிற ஆக்களுக்கு விருப்பமில்லை எண்டு நினைச்சன். ஆரிட்டயும் கேக்க வேண்டாம், எல்லாம் அதிலதான் கேக்கோணும் எண்டுதானே சொல்லியிருந்தவை."

"போன் பண்ணியிருக்கலாமே."

"ஆருக்கு?"

கையில் இருந்த போனைப் பைக்குள் போட்டேன்.

லேபலை ஒட்டி முடித்துவிட்டுச் சொன்னார். "பூசை பின்னேரம். இஞ்ச வேலை முடிஞ்சு நான் ஓடிப் போகேக்க முடிஞ்சிட்டுது. ஃபாதர் அவவின்ர பேர் வாசிக்கேக்க எங்கட ஆக்கள் ஒருத்தரும் இல்லையாம். பக்கத்து வீட்டு ரோஸ்மேரி சொன்னவ. மகன் இத்தாலியில. நான் ஒருத்தன்தான் இருந்தனான்."

குரல் உயரவில்லை. ஆனால் கோபம் இருந்தது. அடுத்த லேபலை அவர் எடுத்த விதத்தில் தெரிந்தது.

"எனக்குக் கல்யாணம் இல்லை" என்றேன். பரிசோதனை என்று விளக்கினேன். கேக் சாப்பிட்டதையும் சொன்னேன்.

"ஏன் சொல்லாமல் விட்டியள்?"

"எல்லாரும் வந்து கதைச்சினம். நல்லாயிருந்தது."

ஒட்ட எடுத்த லேபலைக் கீழே வைத்தார். பிறகு சிரித்துவிட்டார். உடனே வாயைத் துடைத்துக்கொண்டு, "ஸொறி மிஸ். கேக் நல்லதோ?" என்றார். எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்தபடியே கண்ணும் கலங்கியது. அவர் அந்தப் பக்கம் திரும்பிப் பெட்டிகளை அடுக்கத் தொடங்கினார்.

ஒக்டோபர் 14, செவ்வாய்

காலையே பொதுப் பக்கத்தில் போட்டேன். எழுதியதை இங்கேயும் வைத்துக்கொள்கிறேன்.

"மித்ரா போட்ட என் திருமண அறிவித்தல் ஒரு பரிசோதனை. எனக்குத் திருமணம் இல்லை. அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. மன்னியுங்கள். இன்னொன்று. 3ஆம் திகதி மாலையிலிருந்து 9ஆம் திகதி வரை மித்ரா 'அனுப்பிவிட்டேன்' என்றது எதுவும் போகவில்லை. பதில் வராததால் யாராவது லீவ் எடுக்காமல் விட்டிருந்தால், உங்களுக்கு அனுமதி மறுக்கப்படவில்லை. கேட்டதே யாருக்கும் தெரியாது."

பிறகு யாரோ கட்டைவிரல் போட்டார். இன்னொருவர் சிரிக்கும் முகம். மனேஜர்: "சரி. இனிப் பரிசோதனைக்கு வேறு பெயர் பாவியுங்கள்."

ஷெரீன் என்னைப் போனில் கூப்பிட்டா. "உம்மாக்கிட்டயும் சொல்லிட்டேன் வாசுகி. அவ உங்களுக்காக துஆ கேட்டா. நீங்க கேக் வெட்டி எனக்கு ஊட்டியும் விட்டீங்களே."

"ஓம்."

"ஏன்?"

"தெரியேல்ல ஷெரீன்."

தெரியும். போனில் சொல்ல முடியவில்லை.

கடைசியில், "மரியதாசுக்கு லீவ் வேற ஒரு நாளைக்குப் போட்டுக் குடுக்கிறேன்" என்று வைத்துவிட்டா.

ஒக்டோபர் 15, புதன்

விடாத மழை. வீட்டிலிருந்து வேலை.

மித்ராவின் பதிலை மாற்றினேன். பதிவுக்குப் போய்ச் சேர்ந்தபின் மட்டும் 'அனுப்பிவிட்டேன்'. சேராவிட்டால், 'இன்னும் போகவில்லை. ஷெரீனிடம் நேரில் கேளுங்கள்' என்று அவவின் போன் இலக்கத்தோடு. ஷெரீன் எழுதினா: "என்ட நம்பரா? சரி, போடுங்க."

பல்ப் மாற்றியாயிற்று.

ஒக்டோபர் 17, வெள்ளி

ஒபிஸ். பலூன்களைக் கழற்றியிருந்தார்கள். செலோடேப் மட்டும் மேசையில் ஒட்டியபடி. செக்கியூரிட்டி வழக்கம்போல் தலையசைத்தார், அவருக்கு இன்னும் தெரியாது போல.

பகல் கணினிக்கு முன்னால் சாப்பாடு. சாப்பாட்டு மேசையில் சிரிப்புச் சத்தம். என்னைப் பற்றியதாக இருக்காது. இருந்தாலும் கை சோற்றில் நின்றுவிட்டது.

போகும்போது ஷெரீன் என் மேசையருகில் நின்றா. "அடுத்த வெள்ளி அங்க வந்து சாப்பிடுங்க. கல்யாணம் முடிச்சாத்தான் அந்த மேசை எண்டு சட்டமில்ல." பதிலுக்குக் காத்திராமல் லிஃப்டுக்குப் போய்விட்டா.

ஒக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. காலை கோயில். சனம். கீழ் வீட்டுக்காரர் ஒரு தட்டில் பலகாரம் தந்தார். பின்னேரம் முழுக்க ஒழுங்கையில் வெடி.

மெல்பேர்னிலிருந்து தங்கச்சி சுகந்தி வீடியோவில். போன வருடம் அவள் போகும்வரை இந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர். எல்லாக் கதையும் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "அக்கா, நீ இஞ்ச வாவன்."

"எனக்கு இஞ்ச வேலை இருக்கு."

"வேலை மட்டும்தானே இருக்கு."

அவளுடைய மகன் நடுவில் தவழ்ந்து வந்து கமராவை நக்கினான். கதை அதோடு மாறியது.

ஒக்டோபர் 21, செவ்வாய்

மரியதாஸ் எழுதியிருந்தார், எனக்கு நேரே. "மிஸ், நாளைக்கு அரைநாள் லீவ் கிடைத்தது. ஃபாதரிடம் கதைத்து நாளைக்கு மனைவிக்காக ஒரு பூசை ஒப்புக்கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். பின்னேரம். நேரமிருந்தால் வாருங்கள். வராவிட்டாலும் பரவாயில்லை."

'வருகிறேன்' என்று போட்டேன்.

ஒக்டோபர் 22, புதன்

மழை விட்ட பின்னேரம். கொட்டாஞ்சேனைத் தெருக்களில் தண்ணீர் வற்றவில்லை, செருப்பைக் கையில் எடுத்துக் கடந்தேன்.

மரியதாஸ் தேவாலயத்தின் முன் வரிசையில், அதே வெள்ளைச் சேர்ட், இஸ்திரி போட்டது. பக்கத்தில் இடம் காட்டினார். எப்போது எழுவது, எப்போது முழந்தாளிடுவது என்று எனக்குத் தெரியாது, அவரைப் பார்த்துப் பார்த்துச் செய்தேன். ஃபாதர் வாசித்தார்: "மறைந்த பிலோமினா மரியதாஸ் அவர்களின் ஆன்ம இளைப்பாற்றிக்காக." மரியதாஸ் நிமிர்ந்து நின்றார். கூப்பிட்ட பெயருக்குப் பதில் சொல்பவர்போல.

முடிந்து வெளியே வந்ததும் ஓர் அம்மா, கையில் குடையோடு. "ரோஸ்மேரி, பக்கத்து வீடு" என்றார் மரியதாஸ். "இவ எங்கட ஒபிஸ் வாசுகி மிஸ்."

அவ என்னை மேலும் கீழும் பார்த்தா. "எங்க இருந்து வாறீங்க?"

"வெள்ளவத்தை."

"அவ்வளவு தூரமோ. கல்யாணம் முடிச்சாச்சோ?"

மரியதாஸ் செருப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டார்.

"இல்லை" என்றேன்.

"ம்" என்றா. "அப்ப வீட்ட போக அவசரமில்லைத்தானே. வாங்கோ, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்."