கழுத்துக்குப் பூசாத தூள்

மச்சான்,

இன்று காலை கேளம்பாக்கம் அலுவலகத்தில் விரல் வைக்கும் இயந்திரம் என் கட்டைவிரலை நான்கு முறை மறுத்துவிட்டது. ரேகை முழுக்க கிராஃபைட் தூள். சோப்பு, புளி, எலுமிச்சை எதற்கும் போகாத கறுப்பு. வாசலில் இருந்த காவலாளி, "இன்னா சார், வூட்ல நீதான் சட்டி கழுவறியா?" என்றார். நீ இருந்திருந்தால் இதை வைத்தே என்னை ஒரு வாரம் ஓட்டியிருப்பாய். நீ போய்ச் சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது.

சுட்ட தோட்டாக்களின் பித்தளை உறைகளை அனுமதியோடு மறுபடி நிரப்புவதுதான் நம் துப்பாக்கிச் சங்கத்தில் நமக்கு ஞாயிற்றுக்கிழமை வேலை. கூடுவாஞ்சேரி லேத்துப் பட்டறைக்காரனான உனக்கு இரும்பும் பித்தளையும் பேசும். எனக்குக் கணினியோடு சரி. சுட்டு விரிந்த உறையைப் பழைய அளவுக்குக் கொண்டுவர அச்சில் விட்டு இழுக்கும்போது, குண்டு உட்காரும் அதன் கழுத்து வறண்டிருந்தால் கீச்சென்று கத்தும், இழுபட்டுக் கோணிக்கொள்ளும். அதனால்தான் உள்ளே கிராஃபைட் தூள் பூசுவது. எண்ணெயும் வழுக்கும்தான். ஆனால் துடைக்காமல் விட்டால் பிறகு கொட்டும் வெடிமருந்தை அது கெடுத்துவிடும். "வட சுட எண்ணெ, தோட்டா சுட பவுடர்" என்று நீ ஆயிரம் முறை சொல்லியிருப்பாய்.

ஆயிரம் முறை கேட்ட நான்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை எண்ணெயை எடுத்தேன். மாலையில் மாமல்லபுரத்தில் எனக்குப் பெண் பார்க்கும் சடங்கு. காபி டம்ளரை வாங்கும் விரல் கறுப்பாக இருக்கக்கூடாது என்று பட்டது. தையல் மிஷின் எண்ணெயைத் தொட்டு வைத்தேன். நேரமாகிவிட்டதால் துடைக்கவும் இல்லை. தோட்டாக்களை நிரப்பி, பெட்டி மூடியில் வழக்கம்போல் நிரப்பியவன் என்று என் பெயரை எழுதிவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

அந்தப் பெட்டியோடுதான் நீ தேர்வுப் போட்டிக்குப் போனாய். ஆறாவது தோட்டா வெடிக்கவில்லை, புஸ் என்றது. நீ உடனே துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் தூக்கினாய். அடுத்ததைச் சுட்டிருக்கலாம், நேரம் ஓடிக்கொண்டிருந்தது. சுடாமல் இருந்ததால்தான் பிழைத்தாய். குழலுக்குள் கம்பியை விட்டுப் பார்த்தபோது பாதியில் தட்டியது. குண்டு உள்ளேயே சிக்கியிருந்தது. இன்னொன்று அதன் பின்னால் போயிருந்தால் குழல் வெடித்து உன் முகம் போயிருக்கும். முகம் தப்பியது, தேர்வு போனது. மூன்று வருட உழைப்பு அது.

திரும்பும் வழியில் டீக்கடையில் நிறுத்திக் கேட்டாய்.

"எண்ணெ வச்சியா?"

"வச்சேன்."

"ஏன்டா?"

"பொண்ணு பாக்கப் போனேன் மச்சான். கை கறுப்பாயிடும்னு..."

"பொண்ணு உன் கையப் பாத்துச்சா?"

"தலையே தூக்கல."

நீ டீ சிந்தச் சிந்தச் சிரித்தாய். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அடுத்த போட்டிக்கும் என்னையே நிரப்பச் சொன்னாய். இனிமேல் என்னை மேசைப் பக்கமே விடவேண்டாம் என்று சங்கத்தில் எல்லோரும் சொன்னார்கள். "அவன் ஒரு தபா தப்பு பண்ட்டான், இனிமே பண்ணமாட்டான். நீங்கல்லாம் இன்னும் பண்ணல. உங்கள நம்பறதுதான் பேஜாரு" என்றாய். உன்னைப் போல நெஞ்சுரம் எனக்கு வராது என்று அன்று நினைத்துக்கொண்டேன்.

போன வாரம் நம் சங்கத்தில் புதிதாகச் சேர்ந்த திருவிடந்தை டீச்சர் ஒருவர் எண்ணெயைத் துடைக்காமல் பத்து உறைகளை நிரப்பிவிட்டார். நல்லவேளை, சுடுவதற்குமுன் தெரிந்துவிட்டது. அவரை மேசையை விட்டு எழுப்பச் சொன்னார்கள். நான் விடவில்லை. நேற்று அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் உட்கார்ந்து தூள் பூசினோம். அவர் மறுபடி நிரப்பிய பத்தையும் நானே சுடுகிறேன் என்று பெரிய மனிதனாட்டம் சொல்லியும்விட்டேன்.

சுடுவதற்குப் படுத்து, துப்பாக்கிக் கட்டையில் கன்னத்தை வைத்தபோது விசையில் இருந்த விரல் மடங்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். மாட்டினேன். மறுபடி கழற்றித் துடைத்தேன். அப்போதுதான் ஞாபகம் வந்தது. அடுத்த போட்டியில் நான் நிரப்பிய தோட்டாவை மறுபடி போட்ட அன்று, முதல் குண்டுக்கு முன்னால் நீயும் இரண்டு முறை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாய். வேர்வை என்று நினைத்துக்கொண்டு நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன்.

நீயும் பயந்துகொண்டேதான் சுட்டிருக்கிறாய், மச்சான்.