சோறு தாமதமான நாள்

அக்கா,

இன்று காலை சம்பல் அடிப்பிடித்துவிட்டது. உங்கள் மகள் ஜன்னல்களையெல்லாம் திறந்துவிட்டாள். ஆனாலும் கருகிய மிளகாயின் நெடி சமையலறையை விட்டுப் போகவில்லை. நீங்கள் கண்மூடி ஒரு வருடத்துக்கு மேலாகிறது. கண் எரிய நின்றபோது, இதே அடுப்பில் சம்பல் கருகிய இன்னொரு காலை நினைவுக்கு வந்து, வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

சிறையிலிருந்து வந்த மூன்றாவது வாரம் உங்களிடம் வந்தேன். திருட்டுச் செம்புக்கம்பி ஏற்றிய லாரியை ஓட்டியதற்காக நான்கு வருடம் உள்ளே இருந்தவன். வேலை கேட்ட இடத்திலெல்லாம், அந்த நான்கு வருடம் எங்கே இருந்தாய் என்ற கேள்வியோடு பேச்சு முடிந்துவிடும். தங்கை வீட்டில் தங்கியிருந்தேன். அவள் கணவர் என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டே வந்தார்.

புக்கிட் ரம்பாயில் இரண்டு தொழிற்சாலைகளுக்கு நீங்கள் வீட்டிலிருந்தே மதியச் சாப்பாடு சமைத்து அனுப்பிக்கொண்டிருந்தீர்கள். வேன் ஓட்ட ஆள் தேடுவதாகக் கேள்விப்பட்டு வந்தேன். நீங்களும் அதே கேள்வியைத்தான் கேட்டீர்கள். சொன்னேன். கரண்டியைக் கீழே வைக்காமலேயே, "உள்ள என்னா வேல செஞ்ச?" என்றீர்கள். சோறு வடித்தேன் என்றேன். எத்தனை பேருக்கு என்று கேட்டீர்கள். நானூறு பேருக்கு என்றதும், "நாளைக்குக் காலைல அஞ்சரைக்கு வா. பொய் மட்டும் சொல்லாத, எனக்கு ஒத்துக்காது" என்று திரும்பிக்கொண்டீர்கள்.

உங்களை அன்பானவர் என்று யாராவது சொன்னால் நீங்களே சிரிப்பீர்கள். நான் வேனில் ஏற்றுமுன் ஒவ்வொரு சோற்று வாளியையும் திறந்து கரண்டியை அடிவரை விட்டுப் பார்ப்பீர்கள். வெந்திருக்கிறதா என்று பார்ப்பதாகச் சொல்வீர்கள். அதற்கில்லை என்று இருவருக்கும் தெரியும். எனக்குள் கொதிக்கும். மூடியை அழுத்திப் போட்டு வாளியை ஏற்றுவேன்.

ஐந்தாம் மாதம் சேகர் வந்தான். செம்புக்கம்பி வேலையில் என்னை இழுத்துவிட்டவன். பெட்ரோல் நிலையத்தில் நின்றபோது வேனின் கதவைத் திறந்து பக்கத்தில் ஏறி உட்கார்ந்தான். சாப்பாட்டு வேனைத் தொழிற்சாலை வாசலில் யாரும் சோதிப்பதில்லை என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. டேப் சுற்றிய ஒரு போதைப்பொருள் பொட்டலத்தை என் மடியில் வைத்தான். நாளைக்கு இது சோற்றுக்கடியில் உள்ளே போகவேண்டும், ஆள் வந்து வாங்கிக்கொள்ளும் என்றான். மாட்டேன் என்றேன். அவன் கோபப்படவில்லை. தங்கை மகள் எந்தப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள், எத்தனை மணிக்கு வெளியே வருகிறாள் என்று மெதுவாகச் சொல்லிவிட்டு இறங்கிப் போனான்.

மறுநாள் பொட்டலத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு வேலைக்கு வந்தேன். என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. நீங்கள் எல்லா வாளிகளையும் பார்த்து முடித்துவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பினீர்கள். பொட்டலத்தை வைப்பதற்கு அதுதான் சமயம். முதல் வாளியின் மூடியில் கை வைத்தேன். திறக்க வரவில்லை. நீங்கள் திரும்பிப் பார்த்தீர்கள்.

"என்னா, மூடியப் புடிச்சிக்கிட்டே நிக்கிற?"

பையைத் திறந்து காட்டினேன். சேகர் சொன்னதையெல்லாம் சொன்னேன். பின்னால் சம்பல் கருகத் தொடங்கியது. புகை வருவதைப் பார்த்தும் இருவரும் அசையவில்லை.

பிறகு அடுப்பை அணைத்தீர்கள். "எம் வீட்டுக்குள்ள இத கொண்டாந்திட்டியேடா" என்றீர்கள். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. இதை ஆற்றில் எறிந்துவிட்டு எங்காவது போய்விடுகிறேன் என்றேன்.

"எறிஞ்சா நாளைக்கு இன்னொன்னு கொண்டாருவான். வா, பாலாய்க்குப் போவோம்."

போலீஸ் நிலையம் என்றதும் பையைக் கீழே வைத்துவிட்டேன். பொட்டலத்தோடு உள்ளே போகும் பழைய கைதி திரும்பி வருவானா? வாசலில் கிடந்ததை நீங்கள் கண்டெடுத்ததாகச் சொல்லும்படி கெஞ்சினேன். முடியாது, நடந்ததைத்தான் சொல்வேன், ஆனால் கூடவே இருப்பேன் என்றீர்கள். சோறு தாமதமாகுமே என்றேன்.

"ஆவட்டும் லா."

என்னைத் தனி அறையில் வைத்து விசாரித்தார்கள். பழைய வழக்கை எடுத்து வைத்துக்கொண்டு, கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டார்கள். கதவு திறக்கும்போதெல்லாம் வெளியே பெஞ்சில் நீங்கள் தெரிந்தீர்கள், மஞ்சள் கறை படிந்த சட்டையோடு. ஒருமுறை அதிகாரி உங்களிடம், இவன் உனக்கு யார் என்று கேட்டது காதில் விழுந்தது. என் வேலையாள் என்று மலாயில் சொன்னீர்கள். பொட்டலத்தைக் கொண்டுவந்தது அவன்தான், ஓடாமல் இங்கே வந்ததும் அவன்தான் என்றீர்கள். அதற்கு மேல் ஒரு வார்த்தையும் என்னைப் புகழ்ந்து சொல்லவில்லை.

பிற்பகலில் என்னை விட்டார்கள். அந்த வாரமே சேகரைப் பிடித்தார்கள். ஆனால் அன்று சோறு வாளிகளிலேயே புளித்துப்போனது. ஒரு தொழிற்சாலை நம் சாப்பாட்டை நிறுத்திவிட்டது. ஒரு மாதம் நீங்கள் என்னிடம் வேலைக்கு வேண்டியதைத் தவிர வேறெதுவும் பேசவில்லை. நாளைக்கு வராதே என்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை வழக்கம்போல் கரண்டியை எடுத்தீர்கள். அன்றுமுதல் நானே மூடிகளைத் திறந்து காட்ட ஆரம்பித்தேன்.

போன வாரம் சேகரின் அம்மா கோலா சுங்கை பாருவிலிருந்து பஸ் ஏறி என்னைத் தேடி வந்திருந்தார். திங்கட்கிழமை அவனைச் சிறையிலிருந்து விடுகிறார்களாம். அவருக்கு முழங்கால் முடியவில்லை, அழைத்துவர ஆளில்லை. உங்கள் மகளிடம் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்தாள். பிறகு, "அண்ணே, அவன் இந்தச் சமையக்கட்டுக்குள்ள வந்தா நான் வெளிய போயிடுவேன்" என்றாள். அவள் பயம் நியாயமானது. அவன் வெளியே வருவதைத் தங்கையிடம் நான் இன்னும் சொல்லவேயில்லை.

எனக்கும் பயம்தான், அக்கா. ஆனால் பயத்தோடேயே ஒருவருக்காகக் காத்திருக்க முடியும் என்பதை அந்தப் பெஞ்சில் நீங்கள் உட்கார்ந்திருந்த விதத்தில் பார்த்தவன் நான். என்னை விட்ட அன்று சிறை வாசலில் எனக்காக யாரும் வரவில்லை. பஸ் எந்தப் பக்கம் என்று கேட்கக்கூடக் கூச்சப்பட்டு வெகுநேரம் வெயிலில் நின்றேன்.

திங்கட்கிழமை போகிறேன். அவனுக்கு வேலை வாங்கித் தருவேனா, தெரியாது. மன்னிப்பேனா, அதுவும் தெரியாது. அவன் அம்மா வீட்டு வாசல்வரை கொண்டுபோய் விடுகிறேன்.