ரயில் பாட்டில் கேட்பது யார் கிட்டார்?

என் உயிரான சிவா அண்ணே,

துரைராஜை நூறு பேர் நடுவில் நிறுத்தி அவமானப்படுத்திவிட்டேன். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் பிறகு. நீ இருந்திருந்தால், "ஏன் ராணி இந்த வம்பு?" என்றுதான் கேட்டிருப்பாய். வம்பு வேண்டாம், வம்பு வேண்டாம் என்று சொல்லியே போய்ச் சேர்ந்துவிட்டாய். நான் அப்படி இல்லை என்று உனக்குத் தெரியுமே.

அம்மா சுகம். கோத்தகிரிக் குளிர் அவளுடைய மூட்டுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. இருந்தும் தேயிலைக் கொழுந்தெடுக்கப் போவதை நிறுத்தமாட்டேன் என்கிறாள். சிலோனிலிருந்து கப்பலில் இன்னும் நம் ஆட்கள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்குப் புதிதாக வந்த குடும்பத்தின் தகரப் பெட்டியில் உங்கள் ரயில் பாட்டின் இசைத்தட்டு இருந்தது. உறையில் துரைராஜ் சிரிக்கிறான். கையில் நீளக் கழுத்துள்ள வெள்ளை அமெரிக்கக் கிட்டார்.

இந்தக் கடிதத்தை நான் ஒளித்துவைக்கப் போவதில்லை, வேறு பலரும் படிப்பார்கள். அவர்களுக்காகவும் சொல்கிறேன். அந்தப் பாட்டுக்கு அடியில் ஒரு கனத்த நாதம் நடந்து போகிறதே, அந்த பேஸ் கிட்டாரை வாசித்தது உறையில் இருப்பவன் இல்லை. என் அண்ணன் சிவலிங்கம்.

அந்தக் கிட்டார் உன் கைக்கு வந்தது நினைவிருக்கிறதா? தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொள்ளப் போகிறது என்று பேச்சு கிளம்பியதும் வெள்ளைக்காரத் துரை குடும்பத்தோடு ஊருக்குப் புறப்பட்டார். அவர் மகன் வேண்டாம் என்று போட்டுவிட்டுப் போன சாமான்களோடு அது கிடந்தது. ஜப்பானில் செய்தது. வயலின் மாதிரி உடம்பு, குட்டைக் கழுத்து. சத்தம் மட்டும் வரவில்லை. நீ தேயிலை ஃபாக்டரியில் மின்சார வேலைக்கு உதவியாள். மோட்டாருக்குச் சுற்றுகிற மெல்லிய செம்புக் கம்பியை எடுத்து வந்து, கம்பியின் அதிர்வைச் சத்தமாக்கும் காந்தச் சுருளை நீயே புதிதாகச் சுற்றினாய். நீ நொட்டாங்கைக்காரன் ஆயிற்றே, எல்லாம் இடது கைதானே, அதனால் நாலு கம்பிகளையும் தலைகீழாக மாற்றிக் கட்டினாய்.

சத்தம் வந்தது. கூடவே ஒரு இரைச்சலும் வந்தது. கம்பியைத் தொடாத வரைக்கும் வண்டு மாதிரி இரையும். விரல் பட்டதும் 'டக்' என்று அடங்கும். "லயத்துல புள்ளைங்க தூங்க வேணாமா?" என்று, வரிசை வீடுகள் எல்லாவற்றுக்கும் கேட்கும்படி அம்மா உன்னைத் திட்டித் தீர்த்தாள்.

துரைராஜ் கண்டியில் பெரிய துணிக்கடைக்காரரின் மகன். பாட்டுக் குழு அவனுடையது, மைக்கும் ஒலிப்பெட்டிகளும் அவனுடையவை. அவன் பாடுவான், நீ வாசிப்பாய். கொழும்புக்குப் போய் ரயில் பாட்டைப் பதிவு செய்துவிட்டு வந்து நீ சொன்னது அப்படியே என் காதில் இருக்கிறது. பாட்டு தொடங்குவதற்கு முன்னால் உன் கிட்டாரின் இரைச்சலும் பதிவாகிவிட்டதாம். வெட்டிவிடலாமா என்று ஒலிப்பதிவுக்காரர் கேட்டாராம். "தூரத்துல ரயில் வர்ற மாதிரி இருக்கு, வுடுங்க" என்றாராம் டிரம்ஸ்காரர். அப்படியே விட்டார்கள். துரைராஜ் அப்போது அங்கே இல்லையாம். ம்ம்ம் என்று ஒரு இரைச்சல், டக் என்று உன் விரல், பிறகு பாட்டு. இந்தப் பக்கத்துச் சனமெல்லாம் வானொலியில் கேட்டு மயங்கியது அப்படித்தான்.

உறைக்குப் படம் எடுத்த அன்று உனக்கு லீவு கிடைக்கவில்லை. அவ்வளவுதான் நடந்தது. கிட்டாரோடு தானே போய் நிற்க அவ்வளவு போதும் அவனுக்கு.

பிறகு நமக்கும் சீட்டு வந்தது, இந்தியாவுக்குப் போகச் சொல்லி. அவர்கள் குடும்பமும் கிளம்பியது, ஆனால் விமானத்தில். அவன் நம் லயத்துக்கே வந்தான்.

"கரண்டு சாமான்னா கஸ்டம்ஸ்ல புடுங்கிடுவானுங்க சிவா. என்கிட்ட குடு. எங்க சாமானோட சேத்துக் கொண்டாந்துர்றேன்."

நீ இரண்டு கையாலும் தூக்கிக் கொடுத்தாய். உனக்கு ஒரு சந்தேகமாவது வந்திருக்கக் கூடாதா?

நாம் கப்பலேறி, மண்டபம் முகாமில் கிடந்து, கோத்தகிரிக்கு வந்து சேர்ந்தோம். அந்த பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ரயில் பாட்டு ஒலித்த அன்று உன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "இந்தக் கிட்டாரு நான் வாசிச்சதுங்க" என்று கடைக்காரரிடம் சொன்னாய். அவர் உன் கிழிந்த ஸ்வெட்டரைப் பார்த்தார்.

"அட போங்க. அந்தப் பாட்டுக்காரரு குன்னூர்ல ஓட்டல் வெச்சிருக்காருங்க. சிலோன்காரங்க எல்லாருமே அங்க ராசாவாத்தான் இருந்தீங்களாட்ட இருக்குது."

கடையே சிரித்தது. உனக்கு அது உறைக்கவில்லை. துரைராஜ் குன்னூரில் இருக்கிறான் என்பது மட்டும்தான் உன் காதில் விழுந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாய்.

ஓட்டல் வாசலில் வாட்ச்மேன் மறித்தார். "ஏனுங்க, யாரைப் பாக்கோணும்?" நீ பெயரைச் சொல்லி அனுப்பினாய். அவன் படி இறங்கி வரவில்லை. மேலேயே நின்றுகொண்டு பேசினான்.

"சிவாவா? எந்த சிவா? எங்களுக்குப் பொட்டி தூக்குன கூலிக்காரனுங்க எத்தனையோ பேரு. எல்லாத்து பேரையும் ஞாபகம் வெச்சுக்க முடியுமா?"

அவனுக்குப் பின்னால் கதவு திறந்திருந்தது. உள்ளே கூடத்துச் சுவரில், மான் கொம்புக்குப் பக்கத்தில், உன் கிட்டார் அலங்காரத்துக்குத் தொங்கிக்கொண்டிருந்தது. நீயும் பார்த்தாய், நானும் பார்த்தேன். நீ என்ன செய்தாய்? கை கூப்பினாய். "தெரியாம வந்துட்டோமுங்க" என்றாய். அண்ணே, அவன் பேசியதைவிட அந்தக் கும்பிடுதான் என்னை எரித்தது, இன்னும் எரிக்கிறது. என்னை அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அது அவன் செய்த பிழை.

அதற்குப் பிறகு நீ கிட்டாரைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஃபாக்டரி விறகுக்குக் கற்பூர மரம் என்கிற யூகலிப்டஸ் வெட்டப் போனாய். இழுத்துப் பிடித்திருந்த வடம் அறுந்து, மரம் எதிர்பாராத பக்கம் சாய்ந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே நீ போய்விட்டாய். உன்னைப் புதைத்து மண் தள்ளும்போது எல்லோரும் அழுதார்கள். நான் அழவில்லை. துரைராஜின் வாயிலிருந்தே உன் பெயரை வரவழைக்காமல் விடமாட்டேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு நின்றேன்.

குன்னூருக்குப் போய் அவன் ஓட்டல் அடுக்களையிலேயே வேலைக்குச் சேர்ந்தேன். பாத்திரம் கழுவ, மேசைக்குத் தேநீர் கொண்டுபோக. அவனுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. ரயில் பாட்டின் கதையை விருந்தாளிகளிடம் அவன் சொல்லாத வாரம் கிடையாது. "எந்தக் கிட்டார்ல வாசிச்சீங்க?" என்று யாராவது கேட்டால் வெள்ளை அமெரிக்கக் கிட்டாரை எடுத்துக் காட்டுவான். ஆரம்பத்தில் வருகிற இரைச்சல் என்ன என்று கேட்டால், "அது அந்த ஸ்டூடியோப் பெட்டியோட கோளாறு" என்பான். அது உன் கிட்டாரின் இரைச்சல் என்பதே அவனுக்குத் தெரியாது! ஒரு நாளாவது நீ வாசிப்பதை அவன் காது கொடுத்துக் கேட்டிருந்தால்தானே? அவன் தேநீர்க் கோப்பையை நானே வைத்துவிட்டு அடுக்களைக்கு வந்து பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன்.

சென்ற சீசனுக்கு பெங்களூரிலிருந்து சுதாகர் என்று ஒருவர் வந்தார். சங்கீதப் பத்திரிகைக்கு எழுதுகிறவர். பழைய இசைத்தட்டுகளில் எந்தெந்த பேஸ் கிட்டார் வாசிக்கப்பட்டது என்று கண்டுபிடிப்பதில் அவருக்குப் பைத்தியம். உங்கள் குழுவின் இசைத்தட்டுகள் எல்லாவற்றையும் கொண்டுவந்து, துரைராஜின் கிராமபோனில் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார்.

"பின்னாடி வந்த ரெக்கார்டுல இருக்கறது உங்க அமெரிக்கக் கிட்டார்தான் சார். கம்பி நல்லா ரீங்காரம் போடுது. ஆனா ரயில் பாட்டுல சத்தம் துணி சுத்தின கட்டையால அடிச்ச மாதிரி சட்டுனு முடிஞ்சுபோகுது. அது குட்டைக் கழுத்துக் கிட்டார். வேற எதாவது வெச்சிருந்தீங்களா?"

"வேற இல்லீங்க. எல்லாமே இதுதான்" என்றான் துரைராஜ், கண் இமைக்காமல்.

தேநீர்த் தட்டோடு நான் அங்கேதான் நின்றேன். அப்போதே கத்தியிருக்கலாம். ஆனால் ஒரே ஒருவர் முன்னால் அவன் குனிந்தால் எனக்குப் போதாது. சுதாகர் தோட்டத்துக்குச் சிகரெட் பிடிக்கப் போனபோது பின்னாலேயே போனேன். உன்னைப் பற்றிச் சொன்னேன். மோட்டார்க் கம்பி, இரைச்சல், நொட்டாங்கை, எல்லாம். அவர் சிகரெட்டைக் கீழே போட்டுவிட்டார்.

"சுவத்துல தொங்கறதா? அது சும்மா பொம்மைன்னு சொன்னாரே!"

"ஞாயித்துக்கெழம கூட்டம் வரும் சார். அப்ப கேளுங்க" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை மாலைத் தேநீருக்குப் புல்வெளியில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். எஸ்டேட் மேனேஜர்கள், கோயம்புத்தூர் மில்காரர்கள், ஊட்டிக்கு வந்த விருந்தாளிகள். துரைராஜ் வெள்ளைக் கிட்டாரோடு ரயில் பாட்டைப் பாடினான். கை தட்டினார்கள். சுதாகர் எழுந்தார்.

"சார், ரெக்கார்டுல முதல்ல ஒரு இரைச்சல் வருமே, அதைக் காணோமே? ஒரு ஆசைக்கு அந்தச் சுவத்துக் கிட்டாரை மாட்டிப் பாக்கலாமா?"

துரைராஜ் சிரித்தான். "தாராளமா. அது செத்துப் பல வருசம் ஆச்சுங்க."

நான்தான் அதைக் கழற்றி எடுத்து வந்தேன். தூசி தட்டாமல் அப்படியே கொடுத்தேன். சுதாகர் வயரைச் சொருகினார்.

ம்ம்ம்.

அண்ணே, அந்தப் புல்வெளியில் ஒரு கோப்பைச் சத்தம்கூட இல்லை. வானொலியில் அதைக் கேட்டுப் பழகாத காது அங்கே ஒன்றும் கிடையாது. சுதாகர் கம்பியில் விரல் வைத்தார். டக். யாரோ ஒரு அம்மாள், "ஐயோ, அதேதான்!" என்றாள்.

"சரி, மறந்துட்டேன். இதுலதான் வாசிச்சேன்" என்றான் துரைராஜ். முகம் வெளுத்திருந்தது.

"அப்ப வாசிங்க" என்று அவன் கையில் கொடுத்தார் சுதாகர்.

தோளில் மாட்டிக்கொண்டான். தடித்த கம்பி இருக்க வேண்டிய இடத்தில் மெல்லிய கம்பி இருந்தது. தடவினான், தப்பாக விழுந்தது. மறுபடி தடவினான், இன்னும் தப்பு. பின்வரிசையில் யாரோ சிரிக்க, அது முன்வரிசை வரைக்கும் பரவியது. கோத்தகிரி டீக்கடையில் உன்னைப் பார்த்துச் சிரித்தார்களே, அதற்கு வட்டியும் முதலுமாக நான் நின்று கேட்டேன்.

"அது நொட்டாங்கைக்காரன் கிட்டாரு" என்றேன். "எங்கண்ணன் சிவலிங்கம் வாசிச்சது. வாசல் வரைக்கும் வந்து கேட்டவரைக் கூலிக்காரன்னு தொரத்துனீங்களே, அவரு."

"யாரு இவ? பாத்திரம் கழுவறவள யாரு இங்க உட்டது?" என்று கத்தினான். யாரும் என்னைத் துரத்த வரவில்லை. அவர்கள் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சுதாகர் எழுதியது அச்சில் வந்துவிட்டது. ரயில் பாட்டில் கேட்பது ஜப்பான் செய்த குட்டைக் கழுத்துக் கிட்டார், வாசித்தவர் சிவலிங்கம் என்று தெளிவாகப் போட்டிருக்கிறார். அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். உன் பெயர் வந்த இடத்தை விரலால் தடவினாள்.

கொஞ்ச நாளில் துரைராஜே நம் வீடு தேடி வந்தான். நல்ல மழை. கம்பளியில் சுற்றிய கிட்டாரோடு வாசலில் நின்றான்.

"தங்கச்சி, இந்தா. எடுத்துக்க. இதோட உட்டுரு. ஓட்டலுக்கு ஒருத்தரும் வர்றதில்ல."

கிட்டாரை வாங்கி உள்ளே வைத்துவிட்டுத் திரும்பினேன். "எங்கண்ணன் பேரு ஞாபகம் இல்லேன்னீங்களே. இப்ப வந்துருச்சா?"

"சிவலிங்கம்" என்றான், தலையைக் குனிந்துகொண்டு.

"சத்தமா."

"சிவலிங்கம்."

"இன்னும் சத்தமா. அங்கிட்டுக் கடேசி வீட்டுக்கும் கேக்கணும்."

அவன் கத்தினான் அண்ணே. சனமெல்லாம் வெளியே வந்து பார்த்தது. நான் விடவில்லை, குரல் கம்மும் வரைக்கும் கத்தவைத்தேன். அதற்குள் அம்மா ஒரு டம்ளர் தேத்தண்ணியோடு வெளியே வந்தாள்.

"போதும்டி. மழையில நிக்கிறான்."

அவன் வாங்கிக் குடித்தான். அவன் போனபிறகு அம்மாவோடு பெரிய சண்டை. "அவன் வாயால எம்புள்ள பேரக் கேட்டுட்டேன். எனக்கு அது போதும்" என்றாள். எனக்குப் போதவில்லை. நீ யார் பக்கம் நின்றிருப்பாய்? அம்மா பக்கம்தான், தெரியும். அதனால்தான் உன்னைக் கேட்கவில்லை.

அவள் இரக்கப்பட்டதன் பலனைப் பார். அடுத்த மாதம் கோயம்புத்தூரில் ஒரு விழாவில் அவன் வாசிக்கிறான். சுதாகர் செய்தி அனுப்பியிருக்கிறார். சுவரொட்டியில் மறுபடியும் 'ரயில் பாட்டின் பேஸ் கலைஞர்' என்றுதான் போட்டிருக்கிறதாம். மலையில் பட்ட அவமானம் சமவெளி வரைக்கும் வராது என்று நினைத்துவிட்டான் போலிருக்கிறது.

நான் போகப்போகிறேன் அண்ணே. நீ மன்னித்தாலும், அம்மா மன்னித்தாலும், நான் மன்னிக்கமாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு. கோயம்புத்தூரானாலும் மதராஸானாலும், அவன் ஏறுகிற மேடை எதுவானாலும், முன்வரிசையில் உன் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருப்பேன். அவன் என்னைப் பார்த்தபிறகு வாசிக்கட்டும், வாசிக்க முடிந்தால்.

ஆறாத மனதோடு,
உன் கூடப்பிறந்த தங்கச்சி
செல்வராணி