இடது காதுக்கு மேலே

ஆடி 6, புதன்

காற்று. விடிந்ததிலிருந்து ஓயவில்லை. கொடியில் போட்ட லைனிங் துணி பறந்து பக்கத்து வயலில் விழுந்து, சேறும் சகதியுமாகத் திரும்பி வந்தது. மறுபடி அலசல்.

தைக்க வேண்டியவை: எதிர்வீட்டு ஜோதியின் ஜாக்கெட் (கை இறுக்கமாம்), டீச்சரின் சுடிதார், அத்தையின் பாவாடைக்கு நாடா.

மத்தியானம் தலை சீவும்போது சீப்பு எதிலோ தட்டுப்பட்டது. இடது காதுக்கு மேலே, மொட்டையாகக் கிடக்கிற இடத்தில். சிக்கு என்று நினைத்தேன். அங்கே ஏது சிக்கு? கண்ணாடியை ஜன்னலுக்குக் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

முடி. பிறந்த குழந்தைக்கு இருப்பது போல. வெயிலில் செம்பட்டையாகத் தெரிகிறது. கண்ணாடியைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தால் இல்லை, கிட்டே கொண்டுவந்தால் இருக்கிறது.

யாரிடமும் சொல்லவில்லை. மிஷினில் போய் உட்கார்ந்தேன். ஜோதியின் ஜாக்கெட் கையை உள்பக்கம் வெளியாக வைத்துத் தைத்துவிட்டேன். பிரித்தேன். மறுபடியும் அப்படியே தைத்தேன்.

ஆடி 8, வெள்ளி

வெயில். அத்தை கோயிலுக்கு. நான் போகவில்லை. கூழ் கொட்டியதிலிருந்தே போவதில்லை. யாரும் கூப்பிடுவதுமில்லை.

அதை இதுவரை எழுதியதே இல்லை. இன்று எழுதத் தோன்றுகிறது. இரண்டு வருஷத்துக்கு முன், கூழ் வார்க்கிற ஞாயிறு. அண்டாவை நானும் அத்தையும் ஆளுக்கொரு காதைப் பிடித்துத் தூக்கி வந்தோம். கோயில் படியில் நான் கீழே, அத்தை மேலே. அத்தை பிடித்திருந்த காது நழுவியது. வெந்நீர் என்றால் வழிந்து ஓடிவிடும். கூழ் ஓடாது. ஒட்டிக்கொண்டு வேகவைக்கும். தலையில் இடப்பக்கம், கழுத்து, தோள்.

அப்புறம் சென்னை ஆஸ்பத்திரி. தொடையிலிருந்து தபால்தலை அளவுக்குத் தோல் எடுத்து, அதை லேபில் வளர்த்து, புண்ணின் மேல் பரப்பினார்கள். நான் வார்டில் முனகிக்கொண்டு கிடந்தபோது என் தோல் வேறு கட்டிடத்தில், இதமான சூட்டில், ரோஸ் நிறத் தண்ணீரில் வளர்ந்துகொண்டிருந்தது. அதற்கு வலி கிடையாது. கூழ் கொட்டியதே தெரியாது. இதை நினைத்தால் இப்போதும் ஒரு மயக்கம் வருகிறது. மிஷின் தானாக நின்றுவிடுகிறது.

கழுத்துத் தோல் என்னைவிட வயதில் சின்னது. வெளுப்பு, வழவழப்பு. தொட்டால் தொடுவது தெரியாது. காதுக்கு மேலேயும் அப்படித்தான்.

முடி பிறகு நடந்தது. பிடரியிலிருந்து முடி வேர்களை எடுத்து, அதிலிருந்த செல்களை வளர்த்து, தை மாதம் அந்த மொட்டை இடத்தில் ஊன்றினார்கள், நாற்று நடுவது போல. சோதனைதான், வந்தாலும் வரும், வராமலும் போகும் என்று டாக்டரம்மா சொல்லிச் சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார்.

வந்துவிட்டது டாக்டரம்மா.

ஆடி 9, சனி

வீட்டுக்காரரிடம் சொன்னேன். பால் வண்டியை நிறுத்திவிட்டு வந்து டார்ச் அடித்துப் பார்த்தார். போனை எடுத்துக்கொண்டு வெளிச்சத்துக்கு இழுத்துப் போனார். டாக்டரம்மாவுக்கு வீடியோ கால்.

டாக்டரம்மா எழுந்தே நின்றுவிட்டார். பின்னால் யாரையோ கூப்பிட்டுக் காட்டினார். பிறகு குரலை மாற்றிக்கொண்டு, "கத்தி படவே கூடாது தனம். இப்பதான் வேர் பிடிக்குது. எடுத்தா மறுபடி வருமான்னு எங்களுக்கே தெரியாது. எண்ணெய்கூட வேணாம்" என்றார்.

அத்தை கதவோரம் நின்று கேட்டிருக்கிறார். முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு அம்மன் படத்துக்கு முன் போய் நின்றார். திரும்பி வந்தபோது முகம் வேறாக இருந்தது.

"நா அம்மாளாண்ட வேண்டிக்கினு கீறேன். இவ பொழச்சி வந்து அங்க முடியும் மொளச்சா, இவ தலமுடிய எறக்கறேன்னு. மஞ்சத் துணில முடிஞ்சி வெச்சிக்கீறேன்."

"யாரக் கேட்டும்மா வேண்டிக்கின? தல உன்னுதா?" அவர்.

"அன்னிக்கு யாரக் கேக்கற நெலமைல இருந்தேன்? ஐசியூ வாசல்ல எனுக்கு வேற இன்னா கீது குடுக்க?"

தன் தலையைக் கொடுத்திருக்கலாமே என்று வாய் வரை வந்தது. விழுங்கிவிட்டேன். ராத்திரிக்கு ரவை உப்புமா. உப்பு கூடிப்போய்விட்டது, யாரும் சொல்லவில்லை.

ஆடி 12, செவ்வாய்

மேகம் கூடிக் கலைந்தது. சொர்ணவாரி நெல் அறுப்பு. ரோடு முழுக்க நெல் காய்கிறது, பஸ் ஒரு சக்கரத்தை மண்ணில் இறக்கிப் போகிறது.

ஊருக்குத் தெரிந்துவிட்டது. குழாயடியில் கேட்டது:

"லேப்புல வளத்த முடிய அம்மன் எடுத்துக்குமா?"

"அவ தலைல மொளச்சா அவுளுது தான?"

"இன்னாமோ. எனுக்கு டூப்ளிகேட்டு மாரி தோணுது."

மூன்றாவது ஆளின் ஜாக்கெட் துணி என்னிடம்தான் இருக்கிறது. முதுகில் அரை இஞ்ச் குறைத்துவிடலாமா என்று யோசித்தேன். குறைக்கவில்லை. யோசித்ததே இதமாக இருந்தது.

அத்தை சரியாகச் சாப்பிடுவதில்லை. தட்டைத் தள்ளிவைத்துவிட்டுச் சொன்னார்: "சொன்னத குடுக்கலைன்னா அவ கோவிச்சிக்குவா. எனுக்கு வந்தா வரட்டும். உனுக்கு வந்துட்டா இன்னா பண்றது?"

பதிலை இங்கே சொல்லிக்கொள்கிறேன். எனக்கு இந்த முடி வேண்டும். அம்மனுக்கும் கிடையாது, யாருக்கும் கிடையாது.

மத்தியானத் தூக்கத்தில் கனவு. லேபில் ஒரு கண்ணாடித் தட்டு. ரோஸ் தண்ணீருக்குள்ளிருந்து முடி முளைத்து, தட்டைத் தாண்டி, மாடிப்படி இறங்கி, பஸ் ஸ்டாண்டில் எங்கள் ஊர் பஸ் ஏறி, ஜன்னல் வழியே காற்றில் நீளமாகப் பறந்து வந்துகொண்டிருந்தது. வீடு தெரிந்து இறங்குமா என்று கவலைப்பட்டுக்கொண்டே விழித்தேன்.

ஆடி 15, வெள்ளி

பூசாரி வந்தார். மோர் கொடுத்தேன். பூப் போட்டுக் கேட்டுவிடலாம் என்றார். வெள்ளை அரளி ஒரு இலையில், சிவப்பு அரளி ஒரு இலையில், மடித்து அம்மன் காலடியில் வைப்பது. குழந்தை ஒன்றை எடுக்கும். வெள்ளை வந்தால் பூமுடி போதும்: நல்ல முடியில் மூன்று கத்தரி. சிவப்பு வந்தால் முழு மொட்டை.

என் தலைக்கு அம்மனும் குழந்தையும் சேர்ந்து தீர்ப்பு. கோபமாக வந்தது. வீட்டுக்காரர் "வாணாம்னா வாணான்னு சொல்லு, நா பாத்துக்கறேன்" என்றார்.

சரி என்றுதான் சொன்னேன். அத்தையின் கையைப் பார்த்துவிட்டேன், அதனால். அன்றைக்கு என் கழுத்திலிருந்து கூழை வழித்து வழித்து எறிந்த கை. வலது கையில் இரண்டு விரல் இன்னும் முழுசாக மடங்காது. என்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியதை மட்டும்தான் எல்லோரும் பேசுவார்கள், அந்தக் கையைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

பொட்டலம் பூசாரிதான் மடிப்பார், அதுதான் வழக்கம். அத்தை ஒத்துக்கொள்ளவில்லை. "நா வேண்டிக்கினது. நானே மடிக்கறேன்." அந்த விரலை வைத்துக்கொண்டு எப்படி மடிப்பாரோ.

ஆடி 17, ஞாயிறு

காற்று, ஒலிபெருக்கி, வேப்பிலை. அதே படி. அவர் பின்னாலேயே வந்தார்.

பொட்டலம் இரண்டும் கோணல் மாணலாக இருந்தன. ஜோதியின் சின்னப்பெண் போய் ஒன்றைத் தொட்டாள், கையை எடுத்தாள், இன்னொன்றை எடுத்தாள். பூசாரி பிரித்தார்.

வெள்ளை.

குலவை போட்டார்கள். வலது பக்கத்துப் பழைய முடியில் மூன்று கத்தரி. அழுதேன், எதற்கென்று சொல்லத் தெரியவில்லை. அழுகைக்கு நடுவிலும் அத்தை சட்டென்று குனிந்து மற்ற பொட்டலத்தை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டதைப் பார்த்தேன். தண்ணீரில் விடத்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

கூழ் குடித்தேன். முருங்கைக்கீரை, கருவாடு. இரண்டு சொம்பு. நன்றாக ஆறவைத்து.

ஆடி 18, திங்கள்

ஆடிப் பதினெட்டு. செய்யாற்றில் மணல்தான், தண்ணீர் இல்லை. குழாயடியிலேயே மஞ்சள் வைத்துக் கும்பிட்டோம். தூறல்.

ஜோதியின் ஜாக்கெட் ஒருவழியாக முடிந்தது. கை சரியான பக்கம்.

அத்தையின் நேற்றைய புடவையை ஊறவைக்க உதறினேன். பொட்டலம் விழுந்தது. பிரித்தேன்.

இதிலும் வெள்ளை அரளி.

வேப்பிலை வாடினால்கூட தெய்வக் குற்றம் என்று பயப்படுகிற மனுஷி. சமையல்கட்டுக்குக் கொண்டுபோய் நீட்டினேன். "அத்தே, இது."

திரும்பிப் பார்த்தார். அடுப்பைக் குறைத்தார்.

"அம்மாளுக்குத் தெரியாமயா? பாத்துக்கினு கம்முனுதான் இருந்தா, அவ்ளோதான். கோவம்னா எம்மேலதான் வரும், மடிச்சது நான்தான? குந்து."

குந்தினேன். மடங்காத விரல்களால் பூவை எடுத்து என் இடது காதுக்கு மேலே வைத்தார். அந்தப் பக்கம் அத்தையின் கை பட்டது அன்றைக்குப் பிறகு இப்போதுதான். பூ நிற்கவில்லை. வழுக்கி மடியில் விழுந்தது. மறுபடி எடுத்து, அந்தக் குட்டி முடியை ஒதுக்கி ஒதுக்கி வைத்தார்.

"தலய ஆட்டாதடி. வலிக்குதா?"

"இல்ல அத்தே," என்றேன். "கூசுது."