குமரன் அண்ணையின் கட்டம்

நவம்பர், செவ்வாய்க்கிழமை

குமரன் அண்ணையிடம் இன்று பொய் சொன்னேன்.

புது அமைச்சர் வந்த கையோடு லண்டனில் எங்கள் வர்த்தக அமைச்சில் மூன்று பிரிவுகளை இரண்டாக்கச் சொல்லிவிட்டார். யாருக்குக் கீழே யார் என்று காட்டும் புதிய படத்தைப் பணிப்பாளர் என்னிடம்தான் கேட்டார். ஆறு பேர் இருக்கும் எங்கள் கிளைக்கு ஐந்து கட்டங்கள்தான். சிறு ஏற்றுமதியாளர்களுக்குத் தொலைபேசியில் வழிகாட்டுவது அண்ணையின் வேலை. அதை இனி இணையத்தளம் பார்த்துக்கொள்ளும் என்று எழுதி, அவருடைய கட்டத்தை நானே அழித்தேன்.

இன்று காலை அந்தப் படத்தோடு அவருக்கு வேலைநீக்கக் கடிதம் வந்தது. மத்தியானம் கன்டீனில் என் முன்னால் வந்து இருந்தார். சாப்பாட்டைத் தொடவில்லை.

"உந்தப் படத்தை ஆர் கீறினது, பிள்ளை?"

"மேலிடத்தில இருந்து வந்தது, அண்ணை."

"ஓம், அவையளுக்கு எங்களைத் தெரியாதுதானே. என்ர வேலை என்னெண்டு தெரிஞ்சிருந்தா வெட்டியிருக்க மாட்டினம். ஐம்பத்தெட்டு வயசில இனி எனக்கு ஆர் வேலை தருவினம்?"

நான் தண்ணீரைக் குடித்தேன். அவர் பையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்து நீட்டினார்.

"ஆட்சேபிச்சு எழுதியிருக்கிறன். ஒருக்காத் திருத்தித் தாரும். உம்மை விட்டா எனக்கு இங்க ஆர்?"

"தாறன்" என்றேன்.

அப்படி முறையீடு எதுவும் வந்தால் அமைச்சின் பதிலையும் நானே எழுத வேண்டும் என்று பணிப்பாளர் மாலையில் சொன்னார்.

ஹவுன்ஸ்லோவில் உள்ள வீட்டுக்கு ரயிலில் வரும்போதே முதல் பக்கத்தைத் திருத்திவிட்டேன். இரண்டாவதை இப்போதுதான் பார்த்தேன். தன் வேலையின் பெறுமதியை நன்றாக அறிந்தவர் என்று என் பெயரைச் சாட்சியாகப் போட்டிருக்கிறார்.