இஸ்திரிக்காரி இறங்கமாட்டாள்

மார்ச் 1, ஞாயிறு

பல் டாக்டர் அலமாரி வந்துவிட்டது. இரண்டு ஆட்கள், மூன்று மாடி, படிக்கட்டுச் சுவரில் ஒரு நீளக் கீறல். பதினெட்டு இழுப்பறைகள், ஒவ்வொன்றும் ஒரு விரல் உயரம்தான். யாரோ ஒரு பல் டாக்டர் ஊசியும் குறடும் போட்டு வைத்திருந்தது. கிளினிக்கை மூடினபோது பழைய சாமான் கடைக்காரர் மொத்தமாகத் தூக்கிவந்தாராம். இழுத்தால் சத்தமே இல்லை, வெண்ணெய் மாதிரி வருகிறது. மூன்றாவது அறையில் இன்னும் கிராம்பு எண்ணெய் வாசனை. சாயங்காலம் முழுக்க அதைத் திறந்து திறந்து மோந்துகொண்டிருந்தேன்.

இவர் சோபாவை விட்டு எழுந்திருக்காமலே பார்த்தார். "இதுல என்னத்த வைக்கப் போற?" என்றார்.

தெரியாது. வைக்க ஏதாவது இருந்தால்தான் வாங்க வேண்டுமா? ஓய்வு பெற்று எட்டு மாதமாக வீட்டில் உட்கார்ந்திருக்கும் இவரை என்னத்துக்கு வைத்திருக்கிறேன் என்று நான் யாரிடமாவது கேட்டேனா?

மார்ச் 4, புதன்

மகள் வந்தாள். வந்தவள் உட்காராமல் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றினாள், சோதனைக்கு வந்த அதிகாரி தோற்றார். நான் வாங்கிப்போட்ட பழைய ரயில் நிலையத்து பெஞ்சைப் பார்த்து ஒரு பெருமூச்சு. நீல எனாமல் கூஜாவைப் பார்த்து இன்னொன்று. "அம்மா, இது வீடா, குடோனா?"

அவளும் மருமகனும் புது ஃபிளாட் பார்க்கிறார்கள். படம் காட்டினாள். எல்லாம் வெள்ளை. சுவர் வெள்ளை, அலமாரி வெள்ளை, கைப்பிடி கூட இல்லை, தட்டினால் திறக்குமாம். எனக்கு ஆஸ்பத்திரி ஞாபகம்தான் வந்தது, சொல்லவில்லை. என் கூஜாவின் வாயோரம் எனாமல் பெயர்ந்து கறுப்பாக ஒரு பொட்டு இருக்கிறது. யார் கையிலிருந்தோ விழுந்திருக்கிறது, எடுத்துத் துடைத்து மறுபடி தண்ணீர் பிடித்திருக்கிறார்கள். அது இல்லாத கூஜாவை நான் வாங்கியிருக்கவே மாட்டேன். இதை இவளுக்கு எப்படிப் புரியவைப்பது?

கிளம்பும்போது, "அந்த முதுகையாவது கழட்டேம்மா. வாசலைத் தொறந்தா மொதல்ல அதுதான் தெரியுது" என்றாள்.

முதுகு என்று அவள் சொல்வது என் இஸ்திரிக்காரியை. ஹாலில், வாசலுக்கு நேரெதிரே மாட்டியிருக்கும் எண்ணெய் ஓவியம். ஒரு பெண் நமக்கு முதுகைக் காட்டி நின்று வெள்ளைத் துணிக்கு இஸ்திரி போடுகிறாள். அவ்வளவுதான். முகம் கிடையாது, வரைந்தவர் கையெழுத்தும் கிடையாது. பச்சைச் சட்டை. இரண்டு தோளுக்கும் நடுவே வேர்வையில் நனைந்த இடம் மட்டும் கரும்பச்சை. கொண்டையிலிருந்து நழுவின முடி பின்கழுத்தில் ஒட்டியிருக்கிறது. வரைந்தவருக்கு, நின்றே வேலை பார்க்கிற உடம்பு தெரிந்திருக்கிறது. நான் பகல் முழுக்க நின்று எக்ஸ்ரே எடுக்கிறவள். வீட்டுக்கு வரும்போது எனக்கு வலிப்பதும் சரியாக அந்தக் கரும்பச்சை இடத்தில்தான்.

பதினொரு வருஷத்துக்கு முன்னால் கடைக்காரர் இதைத் தண்ணீர் டிரம்முக்கு மூடியாகப் போட்டு வைத்திருந்தார். மூடிக்கு விலை கேட்ட ஒரே ஆள் நீங்கதான்க்கா என்று இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்.

கழற்றுவதாவது!

மார்ச் 9, திங்கள்

இஸ்திரிக்காரிக்குக் கீழே தரையில் மாவு மாதிரி மரத்தூள். சட்டத்தைப் பூச்சி அரிக்கிறது. எவ்வளவு உள்ளே போயிருக்கிறதோ?

மார்ச் 12, வியாழன்

செய்துவிட்டேன். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதுதானே என் பிழைப்பு?

சாப்பாட்டு நேரத்தில் எக்ஸ்ரே அறையில் யாரும் இல்லை. துணியில் சுற்றிக் கொண்டுபோயிருந்த இஸ்திரிக்காரியை மேஜையில் படுக்க வைத்தேன். பேரும் வயசும் போடாமல் மெஷின் நகராது. பெயர்: இஸ்திரிக்காரி. வயது: அறுபது. பெண். ஒரே படத்தில் அடங்கவில்லை, நான்காக எடுத்தேன். அசையாதீங்க, மூச்சை அடக்கிக்கோங்க என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. என்னைத் தவிர யாரும் கேட்கவில்லை.

கீழ்ச் சட்டத்தில் மட்டும் நாலு சுரங்கம். மருந்து ஊற்றினால் போச்சு. நடுவில் வேறு என்னமோ வெளேரென்று தெரிந்தது. நின்று பார்ப்பதற்குள் கை உடைந்த ஒருவரைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

மார்ச் 13, வெள்ளி

என்னைப் போல ஒரு மடச்சி உண்டா? மெஷினில் எடுத்ததெல்லாம் தானாகவே டாக்டரின் பட்டியலுக்குப் போய்விடும். இருபத்தாறு வருஷமாக நான் அனுப்பிக்கொண்டிருக்கும் பட்டியல். அழிக்க மறந்துவிட்டேன்.

காலையில் டாக்டர் கூப்பிட்டு அனுப்பினார். எக்ஸ்ரே படித்து ரிப்போர்ட் எழுதுகிறவர், என் மகளை விட நாலு வயசு பெரியவர், அவ்வளவுதான். வேலை போச்சு என்று நினைத்துக்கொண்டு போனேன். நாலு படத்தையும் ஒட்டிவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேடம், உங்க பேஷண்ட் வயித்துக்குள்ள ஒரு ஆம்பள இருக்காரே, தெரியுமா?"

இருந்தார். பச்சைச் சட்டைக்கு அடியில், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, முறுக்கு மீசை, கோட்டு, வரிசையாகப் பதக்கங்கள். யாரோ பெரிய மனுஷன். அவரை வரைந்து முடித்த துணியின் மேல்தான் இவளை வரைந்திருக்கிறார்கள்.

திட்டு விழுந்தது, ஆனால் சிரித்துக்கொண்டே.

மார்ச் 14, சனி

பெரிய மனுஷனைத் துணியாக்கி அதன்மேல் ஒரு வேலைக்காரியை வரைந்த அந்தக் கை யாருடையது? யாராயிருந்தாலும் நீ நல்லா இருக்கணும்.

மார்ச் 21, சனி

டாக்டர் சும்மா இருக்கவில்லை. ஓவியங்களைப் பழுது பார்க்கும் தன் நண்பருக்குப் படத்தை அனுப்பியிருக்கிறார். அவர் இன்று வீட்டுக்கே வந்துவிட்டார். சின்ன டார்ச், பூதக்கண்ணாடி, மெல்லிய குரல். அரை மணி நேரம் பார்த்தார். எதைப் பார்த்தார்? எக்ஸ்ரேயை. என் சுவரில் இருப்பவளை ஏறிட்டு இரண்டு தடவை பார்த்திருந்தால் அதிகம்.

அடியில் இருப்பது அருங்காட்சியகங்களில் கண்ணாடிக்குள் படங்கள் வைக்கப்படும் ஒரு பெரிய ஓவியரின் கைவேலை போலத் தெரிகிறதாம். மேலே இருப்பது கைப்பழக்கம் இல்லாத யாரோ போட்டதாம். "மேல இருக்கறதை மெதுவா கரைச்சு எடுத்துடலாம் மேடம். கீழ ஒண்ணும் ஆகாது." ஒட்டடை அடிப்பதைப் போலச் சொன்னார்.

என்ன விலை போகும் என்றும் சொன்னார். அந்தத் தொகையை இங்கே எழுதமாட்டேன். எழுதினால் அதற்கு ஒரு மரியாதை வந்துவிடும்.

இவர் சோபாவை விட்டு எழுந்தார். எட்டு மாதத்தில் முதல் தடவை! வந்தவருக்குத் தன் கையாலேயே டீ போட்டுக் கொடுத்தார்.

மார்ச் 22, ஞாயிறு

மகளும் மருமகனும் காலையிலேயே ஆஜர். நேற்று வரைக்கும் குப்பை, இன்றைக்குப் புதையல். ஃபிளாட் முடிந்த மாதிரியே பேசினார்கள். என்னைத் தவிர எல்லாரும் படத்துக்குச் சொந்தக்காரர்கள்.

"யாருன்னே தெரியாத ஒருத்தி. அவ என்ன உனக்கு உறவாம்மா?"

"அந்த மீசைக்காரர் மட்டும் உனக்கு மாமாவா?" என்றேன்.

மருமகன் சிரித்துவிட்டு, மகள் முறைத்ததும் இருமினார். இவர், நான் புரிந்துகொள்ளாமல் பிடிவாதம் பிடிப்பதாகச் சொன்னார். புரிகிறது, நன்றாகவே புரிகிறது. அந்த மீசைக்கு வாழ்நாளெல்லாம் சுவர் கிடைத்திருக்கும். இவளுக்குக் கிடைத்தது ஒரு டிரம்மும் என் ஹாலும்தான். கரைத்துவிட்டால் இவள் திரும்ப வரமாட்டாள். வேறு எங்கேயும் இவள் இல்லை.

மார்ச் 24, செவ்வாய்

முடியாது என்று சொல்லிவிட்டேன். மூன்றாவது தடவை.

மார்ச் 27, வெள்ளி

எழுத்து கோணலாகப் போகிறது. போகட்டும்.

வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தால் சுவரில் ஆணி மட்டும் இருக்கிறது. இவர் பேப்பரை மடித்தார், விரித்தார். "சும்மா, சோதிச்சுப் பாக்கத்தான்" என்றார். போட்டிருந்த யூனிஃபார்மோடு அப்படியே பஸ் ஏறினேன்.

பழுது பார்ப்பவருடைய பட்டறையில் அவளை மேஜையில் மல்லாத்தியிருந்தார்கள். மேலே ஒரு விளக்கு. ஸ்பிரிட் நெடி. பக்கத்துக் கிண்ணத்தில் பஞ்சுருண்டைகள். பஞ்சில் பச்சை. ஐயோ, அவ சட்டைப் பச்சை! சட்டையின் கீழோரத்தில் தீப்பெட்டி அளவுக்குக் கரைத்துவிட்டிருந்தார்கள். அந்த ஓட்டைக்குள் கறுப்புக் கோட்டும், பொன் நிறத்தில் ஒரு பொத்தானும்.

பழுது பார்ப்பவர் எழுந்து நின்றார். "சார் சரின்னாரே மேடம்?"

"படம் சாரோடது இல்ல. மொதல்ல அந்தப் பஞ்சைக் கீழ வைங்க."

வைத்தார். நல்ல மனுஷன்தான், பாவம், முகம் செத்துப்போய்விட்டது. திரும்பி வரும்போது அவளை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் அழுதேன். பக்கத்து சீட்டுப் பெண் ஜன்னலோரம் எனக்கு விட்டுக்கொடுத்தாள். அழுகையை மறைக்கவில்லை. எதற்கு மறைக்கணும்?

மார்ச் 28, சனி

நல்லதுக்குத்தானே செஞ்சேன் என்றார். நேற்றிலிருந்து அதே பாட்டு. கடைசியில் வாயைத் திறந்தேன்.

"முப்பது வருஷத்துல இந்த வீட்டுல நான் எனக்குன்னு கேட்டது அந்த ஒரு சுவர். அதையும் நான் இல்லாத நேரமாப் பாத்து எடுத்திருக்கீங்க. திருடனாவது முன்னப் பின்னத் தெரியாதவனா இருப்பான்."

அதற்கு மேல் அவர் பேசவில்லை. பழைய ஆணியைப் பிடுங்கிவிட்டு, இரண்டு மடங்கு பெரிய ஆணியை நானே அடித்தேன். விரல் நசுங்கியது. நேராகத்தான் மாட்டியிருக்கிறேன்.

ஏப்ரல் 1, புதன்

பழுது பார்ப்பவர் போன் செய்தார். ஓட்டையைப் பச்சை வைத்து மூடித் தருகிறாராம், தெரியவே தெரியாதாம். வேண்டாம் என்றேன். நடந்தது நடந்ததாகவே தெரியட்டும். வாசலைத் திறக்கிற ஒவ்வொருத்தரும் பார்க்கட்டும்.

ஏப்ரல் 3, வெள்ளி

டாக்டர்: "உங்க பேஷண்ட் எப்படி இருக்காங்க?"

நான்: "டிஸ்சார்ஜ் பண்ணிக் கூட்டிட்டு வந்துட்டேன் டாக்டர்."

ஏப்ரல் 5, ஞாயிறு

மகள் போன் பண்ணவில்லை. நானும் பண்ணவில்லை. அவளிடம் இருப்பது என் பிடிவாதம்தான், வேறு யாரிடமிருந்து வந்திருக்கும்?

ஏப்ரல் 12, ஞாயிறு

காலையில் துணி உலர்த்திவிட்டு உள்ளே வந்தேன். இவர் சோபாவில் இல்லை. ரயில் நிலையத்து பெஞ்சில், முதுகு வலிக்கிறது என்று இத்தனை வருஷம் தொடாத அந்த பெஞ்சில், படத்துக்கு நேராக உட்கார்ந்திருந்தார். கையில் டீ ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது. எவ்வளவு நேரமாக இருக்கிறாரோ? என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"இவ இடது கைக்காரி" என்றார்.

பதினைந்து நாளில் அவர் பேசின முதல் வார்த்தை.

நான் நிமிர்ந்து பார்த்தேன். ஆமாம், இஸ்திரிப் பெட்டி இடது கையில்தான் இருக்கிறது. வலது கை துணியை இழுத்துப் பிடித்திருக்கிறது. அந்த இடது தோள் மட்டும் சற்றே இறங்கியிருப்பது அதனால்தான். பதினொரு வருஷம் தினம் பார்க்கிறேன். எடுக்கிற ஒவ்வொரு எக்ஸ்ரேயிலும் இடது, வலது என்று குறித்துப் பிழைக்கிறவள் நான். என் கண்ணில் படவில்லையே இது! இவர் கண்ணில் பட்டிருக்கிறது.

பெஞ்சின் மறுமுனையில் போய் உட்கார்ந்தேன்.

"தெரியும்" என்றேன்.

பொய். இங்கே எழுதிவிட்டேன். அவரிடம் சொல்லமாட்டேன்.